கைத்துப்பாக்கி சுடப் பழகுதல்: முதல் ஆறு மாதங்களுக்கான வழிகாட்டி

கைத்துப்பாக்கி சுடுவதில் ஆர்வம் பிறப்பதற்குப் பெரிய காரணம் எதுவும் தேவைப்படுவதில்லை. ஒரு திரைப்படக் காட்சி, ஒரு கணினி விளையாட்டு, சுடுதளத்துக்கு ஒருமுறை உடன் அழைத்துப்போன நண்பர், ஒலிம்பிக் ஒளிபரப்பில் தற்செயலாகக் கண்ணில் பட்ட பத்து நிமிடங்கள் என்று ஏதேனும் ஒன்று போதும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் துருக்கியின் யூசுஃப் டிகெச் சாதாரண மூக்குக்கண்ணாடியுடன், ஒரு கையைக் கால்சட்டைப் பையில் விட்டபடி நின்று சுட்டு, கலப்பு இரட்டையர் ஏர் பிஸ்டல் (காற்றழுத்தத்தால் சுடும் கைத்துப்பாக்கி) பிரிவில் வெள்ளி வென்ற படம் உலகெங்கும் பரவியது. அதைப் பார்த்துச் சுடுதளத்தின் படியேறியவர்களும் இருப்பார்கள். பையில் கையை விடுவது அலட்சியம் என்றே பலர் எடுத்துக்கொண்டார்கள். சுடாத கை தொங்கி ஆடினால் தோளும் சேர்ந்து ஆடும் என்பதால், பிஸ்டல் வீரர்கள் அதைப் பையிலோ இடுப்புப் பட்டையிலோ செருகி நிலைப்படுத்துவது நெடுநாள் வழக்கம்.

இந்த விளையாட்டின் இயல்பும் இப்படிப்பட்டதுதான். வெளியிலிருந்து தெரிவது ஒன்று, உள்ளே நடப்பது வேறு. புதியவரை ஈர்ப்பது பெரும்பாலும் வெடிச்சத்தமும் கையில் விழும் உதைப்பும். ஆண்டுக்கணக்கில் அவரை அங்கே நிறுத்திவைப்பதோ அதற்கு நேர்மாறானது: அசையாமல் நிற்பது, விரலால் அழுத்திச் சுடும் விசையின் (ட்ரிகர்) கடைசி ஒரு மில்லிமீட்டரை அவசரப்படாமல் கடப்பது, தாளில் விழுந்த துளையைப் பார்த்துத் தன் கை செய்த பிழையைப் படிப்பது. முதல் ஈர்ப்பு தணிவதற்குள் இரண்டாவதன் சுவையை அறிந்துகொண்டவர் தங்குகிறார். அறியாதவர் நான்கைந்து முறை வந்து நின்றுவிடுகிறார். கீழே சொல்லியிருக்கும் வரிசை அந்தச் சுவை சீக்கிரம் வாய்க்க வேண்டும் என்பதற்காகவே அமைந்தது.

முதல் வருகை

எதையும் வாங்குவதற்கு முன்னர், நீங்கள் வாழும் நாட்டின் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். சில நாடுகளில் ஏர் பிஸ்டலுக்கும் உரிமம் வேண்டும். வேறு சிலவற்றில் வேண்டியதில்லை. வயது வரம்பு, துப்பாக்கியை எடுத்துச் செல்லும் முறை, பூட்டி வைக்கும் முறை எல்லாம் இடத்துக்கு இடம் மாறுபடும். இதை இணையத்தில் யாரோ எழுதியதை நம்பி முடிவு செய்யாமல், உரிமம் வழங்கும் அலுவலகத்திலோ அங்கீகாரம் பெற்ற சுடுதளத்திலோ நேரில் கேட்டுத் தெளிவது நல்லது.

முதல் நாள் பார்வையாளராகப் போய், பயிற்சி நடப்பதை அரை மணி நேரம் பாருங்கள். அங்கே இருப்பவர்கள் துப்பாக்கியின் முனையை எங்கே திருப்பி வைத்திருக்கிறார்கள், சுடுதள அலுவலரின் குரலுக்கு எவ்வளவு வேகமாகக் கட்டுப்படுகிறார்கள் என்பதைக் கவனித்தாலே அந்த இடத்தின் தரம் தெரிந்துவிடும். புதியவர் கேட்கும் கேள்விக்குச் சிரிப்பையே பதிலாகத் தருகிற சுடுதளத்தில் சேர வேண்டாம்.

அறிமுகப் பயிற்சியில் உங்கள் கைக்கு வரும் முதல் துப்பாக்கி ஏர் பிஸ்டலாகவோ, பாயின்ட் 22 (0.22 அங்குல விட்டமுள்ள சிறிய தோட்டா) பிஸ்டலாகவோ இருக்கட்டும். உடன் வந்த நண்பர் ஆர்வக்கோளாறில் 9 மில்லிமீட்டரையோ அதைவிடப் பெரிய ரிவால்வரையோ நீட்டினால், மரியாதையாக மறுத்துவிடுங்கள். உடல் தன் முதல் பாடத்தை மறப்பதில்லை. பெரிய வெடிச்சத்தமும் உதைப்பும் முதலிலேயே அறிமுகமானால், அடுத்த வெடிக்கு முன்பே கண் இமைக்கவும், மணிக்கட்டு கீழ்நோக்கி இழுக்கவும் உடல் கற்றுக்கொள்கிறது. இந்த மிரட்சி ஒரு பிற்பகலில் ஒட்டிக்கொள்ளும். களைவதற்கு மாதங்கள் ஆகும்.

பாதுகாப்பு

சுடுதளங்களில் சொல்லித்தரும் அடிப்படை விதிகள் நான்கு. எந்தத் துப்பாக்கியும் தோட்டா நிரப்பியது என்றே கருத வேண்டும். அழிக்க விரும்பாத எதன் மீதும் அதன் முனையைத் திருப்பக் கூடாது. குறி இலக்கில் அமையும்வரை விரல் விசையைத் தொடக் கூடாது. இலக்கு எது, அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்பது தெரியாமல் சுடக் கூடாது. இவற்றை மனப்பாடமாக ஒப்பிப்பவர்கள் பலர் இருக்கிறார்கள். ஆனால் பக்கத்தில் நிற்பவர் பெயர் சொல்லி அழைத்ததும், கையில் இருக்கும் பிஸ்டலோடு உடம்பையே திருப்பிவிடுவதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு. யார் அழைத்தாலும் முதலில் துப்பாக்கியை இலக்கை நோக்கியபடியே மேசையில் வைத்துவிட்டு, அதன் பிறகு திரும்புங்கள். தலை திரும்பலாம், துப்பாக்கி திரும்பக் கூடாது.

நான்காவது விதி எவ்வளவு கனமானது என்பதை ஒரு கணக்கு உணர்த்தும். சுண்டுவிரலின் நுனியளவே இருக்கும் பாயின்ட் 22 தோட்டாவின் குண்டு, தடுப்பு எதுவும் இல்லாவிட்டால் ஒன்றரைக் கிலோமீட்டர் வரை போகக்கூடும். 25 மீட்டரில் இருக்கும் தாள் அதைத் தடுக்காது. தாளுக்குப் பின்னால் இருக்கும் மண்மேடுதான் தடுக்கிறது. ஆகவே திறந்த வெளியில், மரத்திலோ மதிலிலோ தகரக் குவளையை வைத்துச் சுடும் ஆசையை விட்டுவிடுங்கள். கல், நீர், கடினமான மரம் ஆகியவற்றில் பட்ட குண்டு எந்தப் பக்கம் தெறிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

தானியங்கி வகைப் பிஸ்டலைக் காலி செய்யும் வரிசையைக் கை பழகும்வரை திரும்பத் திரும்பச் செய்து பாருங்கள். முதலில் தோட்டாக்களை அடுக்கியிருக்கும் மேகசினைக் கழற்ற வேண்டும். பிறகு பிஸ்டலின் மேற்பகுதியில் முன்பின் நகரும் ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து, குழலின் பின்முனையில் தோட்டா அமரும் இடமான சேம்பரில் இருக்கும் தோட்டாவை வெளியேற்றி, ஸ்லைடைப் பின்னாலேயே நிறுத்தி, சேம்பர் வெறுமையாக இருப்பதைக் கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டு உறுதி செய்ய வேண்டும். வரிசை மாறி, ஸ்லைடை முதலில் இழுத்து மேகசினைப் பிறகு கழற்றினால், ஒரு தோட்டா வெளியே விழும். மேகசினில் இருந்த இன்னொன்று ஓசையின்றிச் சேம்பருக்குள் போய் உட்கார்ந்திருக்கும். மேகசினைக் கழற்றிவிட்டதாலேயே துப்பாக்கி காலி என்று நம்புவதும் இதே வகைப் பிழை. ‘காலியாக இருந்த’ துப்பாக்கிகள் செய்த விபத்துகளில் பல இந்த இரண்டில் ஒன்றிலிருந்து வந்தவை.

விசையை அழுத்தியும் வெடிக்காவிட்டால், உடனே பிஸ்டலைத் திருப்பி உள்ளே பார்க்காதீர்கள். முனையை இலக்கை நோக்கியே வைத்து, முப்பது விநாடிகள் காத்திருந்து, பிறகு அலுவலரை அழையுங்கள். அரிதாகத் தோட்டா தாமதித்து வெடிப்பதுண்டு. வழக்கத்தைவிடச் சத்தம் குறைவாக, மந்தமாகக் கேட்டால் அடுத்ததைச் சுடவே கூடாது. குண்டு குழலுக்குள்ளேயே சிக்கியிருக்கலாம். அதன் பின்னால் இன்னொரு குண்டு பாய்ந்தால் குழல் வெடிக்கும். ‘நிறுத்து’ என்ற குரலை ஆபத்தைக் கண்ட யாரும் எழுப்பலாம், புதியவரும் எழுப்பலாம். அந்தக் குரல் யாருடையது என்று ஆராயாமல் எல்லோரும் நிறுத்த வேண்டும். இலக்குத் தாளை மாற்ற ஆட்கள் முன்னே போயிருக்கும் நேரத்தில், துப்பாக்கியைத் துடைப்பதற்காகக்கூடத் தொடாதீர்கள்.

காதுக்கும் கண்ணுக்கும் உரிய கவசம் இல்லாமல் சுடுகோட்டின் அருகில்கூட நிற்க வேண்டாம். பெரும்பாலான துப்பாக்கி வெடிகளின் உச்ச ஒலி 140 டெசிபலைத் தாண்டும்; அந்த அளவில் ஒரே ஒரு வெடியும் செவியை நிரந்தரமாகப் பாதிக்கலாம். மூடிய அரங்கில் காதுக்குள் செருகும் அடைப்பானையும் அதன்மேல் காதுமூடியையும் சேர்த்து அணிவது மிகையாகாது. குண்டுகளில் ஈயம் இருப்பதால், சுடுதளத்தில் எதையும் தின்னாமல், வெளியே வந்ததும் கையையும் முகத்தையும் சோப்பிட்டுக் கழுவுங்கள். வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால் அன்றைய உடைகளைத் தனியாகத் துவைப்பது நல்லது.

எந்தக் கண், எந்தக் கை

இரு கைகளையும் முன்னே நீட்டி, உள்ளங்கைகளால் சிறு இடைவெளி ஒன்றை அமைத்து, அதன் வழியாகத் தொலைவில் இருக்கும் ஒரு பொருளை இரண்டு கண்களையும் திறந்தபடி பாருங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது பொருள் இடைவெளிக்குள்ளேயே நிற்கிறதோ, அதுவே உங்கள் ஆதிக்கக் கண். வலக்கைப் பழக்கம் உடையவருக்கு இடக்கண் ஆதிக்கம் பெற்றிருப்பது அபூர்வமன்று. அது குறையும் அன்று; பிஸ்டலில் தலையைச் சற்றே திருப்பிச் சமாளித்துவிடலாம். குறி பார்க்காத கண்ணை இறுக மூடிக்கொண்டு சுடுவது முகத்தசைகளைக் களைப்படையச் செய்யும். அந்தக் கண்ணின் முன்னால் ஒரு சிறு மறைப்பைப் பொருத்தி, இரு கண்களையும் திறந்துவைத்துச் சுடுவதே வழக்கம்.

கையைப் பற்றிக் கவலைப்படுபவர்களுக்குச் சொல்லப்படும் பெயர் ஹங்கேரியின் கரோலி டகாக்ஸ். ராணுவ வீரரான அவருடைய வலக்கையை 1938இல் ஒரு கையெறிகுண்டு சிதைத்தது. அவர் இடக்கையால் சுடப் பழகி, 1948 லண்டன் ஒலிம்பிக்கிலும், 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிலும் 25 மீட்டர் விரைவுச் சுடுதலில் தங்கம் வென்றார். எந்தக் கை என்பது பயிற்சியால் தீரும் கேள்வி என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நிற்பது, பிடிப்பது, பார்ப்பது, அழுத்துவது

10 மீட்டர் ஏர் பிஸ்டலில் ஒற்றைக் கையை எந்தத் தாங்கலும் இல்லாமல் நீட்டித்தான் சுட வேண்டும். கால்களைத் தோளகலத்துக்கு விரித்து, எடை இரு பாதங்களிலும் சமமாக விழும்படி நில்லுங்கள். பிறகு கண்களை மூடி, கையை உயர்த்தி, மீண்டும் கண்களைத் திறந்து பாருங்கள். பிஸ்டல் இலக்குக்கு வலப்புறமோ இடப்புறமோ நின்றால், கையைத் தள்ளிச் சரிசெய்யாமல் பின்பாதத்தை நகர்த்தி உடம்பையே திருப்புங்கள். தசையால் இழுத்துப் பிடித்த குறி, தசை தளர்ந்ததும் பழைய இடத்துக்கே திரும்பிவிடும்.

பிடி உறுதியாக இருக்கட்டும், கை நடுங்கும் அளவுக்கு இறுக்கம் வேண்டாம். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரிப் பிடிப்பதுதான் முக்கியம். சுட்டுவிரல் பிடியின் மரத்தை உரசாமல், முதல் கணுவின் மெத்தையால் விசையை நேர் பின்னோக்கி அழுத்த வேண்டும்.

அடுத்து வருவது இந்த விளையாட்டின் சாரம். குறி பார்ப்பதற்காகத் துப்பாக்கியின் மேல் இருக்கும் இரண்டு சைட்டுகளில் முன் சைட், பின் சைட்டின் பள்ளத்துக்கு நடுவில், இருபுறமும் சமமான வெளிச்சக் கீற்றுடன், மேல்விளிம்புகள் ஒரே மட்டத்தில் இருக்குமாறு தெரிய வேண்டும். கண்ணின் கூர்மை முழுவதும் முன் சைட்டில் இருக்க, இலக்கு மங்கிய கறுப்பு வட்டமாகத் தெரிந்தால் போதும். புதியவருக்கு இது அபத்தமாகத் தோன்றும். சுட வேண்டிய பொருளைப் பார்க்காமல் துப்பாக்கியின் முனையில் இருக்கும் இரும்புத் துண்டையா பார்ப்பது என்று மனம் முரண்டு பிடிக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு சைட்டுகளுக்கும் இடையே சுமார் 32 சென்டிமீட்டர் தொலைவு என்று கொள்வோம். முன் சைட் ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினாலும், 10 மீட்டரில் குண்டு சுமார் 31 மில்லிமீட்டர் விலகி விழும். 59.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள கறுப்பு வட்டத்தின் விளிம்பில், ஏழு புள்ளியில் போய் நிற்கும். சைட்டுகள் சரியாக அமைந்து, கை முழுவதுமாக 5 மில்லிமீட்டர் பக்கவாட்டில் அசைந்தால், குண்டும் அந்த 5 மில்லிமீட்டர்தான் விலகும். பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர் என்பதால், அது அப்போதும் பத்துதான். கை ஆடுவது மன்னிக்கப்படும். சைட் விலகுவது மன்னிக்கப்படுவதில்லை.

இதை உணர்ந்தவர், கையின் ஆட்டத்தை அடக்கப் போராடுவதை நிறுத்திவிடுகிறார். கை எல்லோருக்கும் ஆடும், பதக்கம் வென்றவர்களுக்கும் ஆடும். அந்த ஆட்டத்துக்குள்ளேயே, குறி நடுவைக் கடக்கும் நொடியைப் பிடிக்கப் பார்ப்பதுதான் கேடு. ‘இதோ, இப்போது’ என்று மனம் கூவியதும் விரல் வெட்டி இழுக்கும், முன் சைட் விலகும். விசையின் எடை ஏர் பிஸ்டலில் குறைந்தது 500 கிராம் இருக்க வேண்டும் என்பது பன்னாட்டுப் போட்டி விதி. அந்தச் சிறிய எடையையும் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போய், எந்தக் கணத்தில் விடுபடும் என்று நீங்களே துல்லியமாக அறியாத வகையில் அழுத்திப் பழகுங்கள். மூச்சை இயல்பாக வெளியேற்றி, அடுத்த மூச்சுக்கு முன் வரும் ஓய்வில் சுடுங்கள். கை அமர்ந்த பிறகு ஆறு முதல் எட்டு விநாடிகளுக்குள் வெடி விடுபடவில்லை என்றால் கையை இறக்கிவிடுங்கள். இறக்கத் தெரிந்தவரே தேர்கிறார். எல்லாப் புதியவர்களுக்கும் கடினமாக இருப்பது இதுதான். இவ்வளவு நேரம் தாங்கிப் பிடித்ததை வீணாக்குவதா என்று தோன்றும்.

பயிற்சி

ஆறு மாதங்களில் உங்களை முன்னேற்றுவது குண்டில்லாப் பயிற்சிதான். சுவரில் வெள்ளைத் தாளை ஒட்டி, அதன்மேல் எந்தப் புள்ளியும் இல்லாமல், சைட்டுகளை மட்டும் பார்த்து விசையை விடுவியுங்கள். விடுபடும் கணத்தில் முன் சைட் துள்ளுகிறதா என்பது அப்பட்டமாகத் தெரியும். நாளொன்றுக்குப் பதினைந்து நிமிடங்கள் போதும். இதற்கும் விதிகள் உண்டு: அறைக்குள் ஒரு தோட்டாவும் இருக்கக் கூடாது, துப்பாக்கி காலி என்பதை இருமுறை சோதிக்க வேண்டும், சுவருக்குப் பின்னால் மனிதர் நடமாடும் இடமாக இருக்கக் கூடாது. பாயின்ட் 22 பிஸ்டலை வெறும் சேம்பருடன் இப்படிச் சுட்டால், ஊசி சேம்பரின் விளிம்பில் மோதிக் கெடுக்கக்கூடும். அதற்கென விற்கும் போலித் தோட்டாவைப் பயன்படுத்துங்கள்.

சுடுதளத்தில் ஒரே அமர்வில் நாற்பது வெடிகளுக்கு மேல் போகாதீர்கள். களைத்த கை பிழையைத்தான் பழகும். மிரட்சி இருக்கிறதா என்று அறிய ஒரு பழைய உபாயம் உண்டு: பயிற்சியாளர் மேகசினில் உண்மைத் தோட்டாக்களுக்கு நடுவே உங்களுக்குத் தெரியாமல் போலித் தோட்டா ஒன்றை வைத்துத் தருவார். அதன் முறை வரும்போது வெடி வராது, ஆனால் பிஸ்டலின் மூக்கு கீழ்நோக்கித் தாழும். பார்க்கவே வெட்கமாக இருக்கும். பலருக்கும் முதன்முறை இதுதான் நடக்கும்.

குறிப்பேடு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். புள்ளிகளின் கூட்டலை எழுதுவதைவிட, ஒவ்வொரு வெடியும் விடுபட்ட கணத்தில் முன் சைட் எங்கே நின்றது என்று தாளைப் பார்க்கும் முன்பே சொல்லி, பிறகு துளையோடு ஒப்பிட்டு எழுதுவது பயன் தரும். துளைகள் எல்லாம் ஒரே இடத்தில் கூட்டமாக விழுந்தால், அது நடுவில் இல்லாவிட்டாலும் மகிழுங்கள்; சைட்டைத் திருகி நடுவுக்குக் கொண்டுவருவது அரை நிமிட வேலை. சிதறிக் கிடக்கும் துளைகளுக்குத் திருகாணி உதவாது.

வாங்குதல், வைத்திருத்தல்

மூன்று மாதங்கள் சுடுதளத்தின் துப்பாக்கியிலேயே பழகிவிட்டுத்தான் சொந்தத் துப்பாக்கியைப் பற்றி யோசிக்க வேண்டும் என்பது என் கருத்து. அதற்குள் உங்கள் கைக்கு எந்த அளவுப் பிடி ஒத்துவருகிறது, முன்பாரம் கூடுதலாக இருப்பது பிடிக்கிறதா என்பதெல்லாம் தெரிந்திருக்கும். ஏர் பிஸ்டலின் மொத்த எடை 1500 கிராமைத் தாண்டக் கூடாது என்பது போட்டி விதி. புதியவருக்கு ஒரு கிலோவை ஒட்டிய எடையே ஏற்றது. பழைய ஏர் பிஸ்டலை வாங்குபவர்கள் காற்று உருளையின் மேல் பொறித்திருக்கும் தேதியை முதலில் பார்க்க வேண்டும். உருளைகளுக்குப் பத்து ஆண்டுகள்தான் ஆயுள். 200 பார் (வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ இருநூறு மடங்கு) அழுத்தத்தில் காற்றை அடைத்துக் கையில் பிடிக்கும் பொருளில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

சட்டமும் வசதியும் இடம் தந்தால், துப்பாக்கியைச் சுடுதளத்தின் பெட்டகத்திலேயே வைத்துவிடுங்கள். வீட்டில் வைப்பதென்றால், துப்பாக்கியை எஃகுப் பெட்டியிலும், தோட்டாக்களை வேறொரு பூட்டிலும் வைத்து, சாவி இருக்கும் இடத்தை யாரிடமும் சொல்லாதீர்கள். குழந்தைகளை மனத்தில் வைத்து மட்டும் இதைச் சொல்லவில்லை. வீட்டில் துப்பாக்கி இருப்பது தற்கொலை ஆபத்தைக் கூட்டுகிறது என்று ஆய்வுகள் தொடர்ந்து காட்டியிருக்கின்றன. உங்களுக்கோ வீட்டில் ஒருவருக்கோ மனம் தளர்ந்திருக்கும் காலத்தில், அதை வீட்டிலிருந்து அகற்றி, சட்டப்படி ஒப்படைக்கக்கூடிய இடத்தில் விட்டுவையுங்கள். சுடுதளத்தில் இருப்பவர்கள் இதைப் புரிந்துகொள்வார்கள்.

அடுத்த வாசல்கள்

10 மீட்டரில் குரூப் (துளைகள் விழும் கூட்டம்) ஓரளவு சுருங்கிய பிறகு, பாயின்ட் 22 பிஸ்டலுடன் 25 மீட்டருக்குப் போகலாம். அங்கே நிதானச் சுடுதலும் உண்டு. மூன்று விநாடிகள் மட்டும் இலக்கு திறந்திருக்கும் விரைவுச் சுடுதலும் உண்டு. ஓடி, திரும்பி, பல இலக்குகளைச் சுடும் நடைமுறைச் சுடுதல் பிடித்திருந்தால், 1976இல் தொடங்கப்பட்ட ஐபிஎஸ்சி (பன்னாட்டு நடைமுறைச் சுடுதல் கூட்டமைப்பு) அமைப்பின் விதிகளின்படி போட்டிகள் நடக்கின்றன. அதில் புள்ளிகளை நேரத்தால் வகுத்துத் தரம் பார்ப்பார்கள். துப்பாக்கியின் முனை அனுமதித்த கோணத்தைத் தாண்டினால் அந்த நொடியே போட்டியிலிருந்து வெளியேற்றுவார்கள். பரபரப்பு அங்கேதான் இருக்கிறது என்று நேராக அங்கே போகிறவர்கள் உண்டு. நின்ற இடத்தில் விசையை அழுத்தத் தெரியாதவர், ஓடிக்கொண்டே அதைக் கற்க முடியாது.

ஆறாவது மாதத்தில் ஒரு சிறிய உள்ளூர்ப் போட்டியில் பெயர் கொடுங்கள். இதயத் துடிப்பைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர் மருந்துகள் இந்த விளையாட்டில் தடைசெய்யப்பட்டவை. ரத்த அழுத்தத்துக்கு அவற்றை எடுப்பவர்கள் மருந்தைத் தாமாக நிறுத்தாமல், மருத்துவரிடமும் அமைப்பாளரிடமும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் 60 வெடிகளுக்கு 75 நிமிடங்கள் தருவார்கள். அதாவது வெடிக்கு 75 விநாடிகள். கடிகாரம் உங்களைத் துரத்துவதுபோல் தோன்றினாலும், நேரம் ஏராளமாக இருக்கிறது. முதல் பத்து வெடிகளில் கால்கள்கூட நடுங்கும். பக்கத்துக் கோட்டில் நிற்பவரின் திரையைப் பார்க்காமல், ஏழு புள்ளி விழுந்ததும் அடுத்ததை அவசரமாகச் சுட்டு ஈடுகட்டப் பார்க்காமல், பிஸ்டலை மேசையில் வைத்து, கையை உதறி, இருமுறை மூச்சு விட்டு, மறுபடி எடுங்கள்.